ஆப்பிள் வந்த வீடு

வடக்கேயிருந்து நாள் கணக்கில் ரயிலில் குலுங்கி வந்த ஆப்பிளுக்கென்று ஒரு வாசனை உண்டு. இப்போது தள்ளுவண்டியில் மெழுகு பூசி அடுக்கியிருக்கிறார்களே, அதை மூக்கோடு ஒட்டிவைத்து முகர்ந்தாலும் அந்த வாசனை வராது. பாதி வைக்கோல், கொஞ்சம் ரயில் கரிப்புகை, மீதி, அடிபட்ட இடத்தில் பழம் லேசாகப் புளிக்கத் தொடங்கியிருக்கிற ஒரு மயக்கமான மணம். எல்லாம் சேர்ந்து, அப்பா மரப்பெட்டியின் மேல்பலகையை அரிவாள் முனையால் நெம்பி, ஆணி கிறீச்சிட்டுக் கழன்ற அந்த நொடியில் குப்பென்று எழுந்து கூரைவரைக்கும் போய் நின்றுகொண்டது. எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது. பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து நான் அந்த வாசனையைக் குடித்துக்கொண்டிருந்தேன். "மெதுவா மெதுவா, மூக்குல வைக்கோல் குத்தப் போவுது" என்று அப்பா சிரித்தார்.

எங்கள் அப்பா மாதையன் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தார். எங்கள் சொந்தக்காரர்களில் பலர் இதைச் சொல்லும்போது "சமையல்காரர்" என்பதை விழுங்கிவிட்டுப் "பட்டாளம்" என்பதை மட்டும் உரக்கச் சொல்வார்கள். நான் விழுங்கமாட்டேன். காஷ்மீர்ப் பக்கம் பனி கொட்டுகிற மலையில், பெரிய பெரிய ஆபீசர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற "மெஸ்"ஸில் அவர் கைக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று தொடங்குவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சூளகிரியில், பெங்களூர் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் எங்கள் வீடு. மேட்டு நிலத்தில் கேழ்வரகு, கிணற்றடியில் கொஞ்சம் நெல், இரண்டு மாடு, அம்மா, நான், தவழுகிற வயதில் என் தம்பி முருகேசன். இவ்வளவுதான் எங்கள் குடித்தனம். அப்பா வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வருவார். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி மாறி வந்து சேர்வதற்குள் அவர் முகத்தில் ஊர் ஊராய்த் தூசி படிந்திருக்கும். தம்பி அவரைக் கண்டதும் வீரிட்டு அழுவான். வேற்று ஆள் என்று நினைத்துக்கொள்வான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அப்பா வந்த முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் சரியாகிவிடும், அப்புறம் அவர் முழங்காலை விட்டு நகரமாட்டேன். லீவு முடிந்து அவர் மறுபடி பஸ் ஏறும்போதுதான் ஐயோ, இப்போதுதானே கூச்சம் போனது என்று இருக்கும்.

அந்த வருஷம் வந்தது மற்ற வருஷத்து வரவைப் போல அல்ல. அப்பாவுடைய சர்வீஸ் முடிகிற தறுவாயில் இருந்தது. போதும் என்று அவர் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம்; இன்னும் சில வருஷம் இருக்கிறேன் என்று சொன்னால் அங்கேயே இருக்கலாம். அப்பாவுக்கு வரத்தான் ஆசை. வந்து என்ன செய்வது? ரோட்டோரத்தில் என் தாய்மாமன் திம்மராயனுக்குச் சொந்தமாக ஒரு கல்கட்டு அறை சும்மா கிடந்தது. உர மூட்டை போட்டு வைத்திருந்தார். அதில் ஒரு "ரொட்டிக்கடை" வைக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற லாரி எல்லாம் அந்த இடத்தில்தான் டீ குடிக்க நிற்கும். பன்னு, ரொட்டி, அப்புறம் மெஸ்ஸில் ஆபீசர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசையாகக் கேட்டு வாங்கித் தின்கிற ஒரு ஆப்பிள் பலகாரம்; இதையெல்லாம் போட்டால் ஓடாதா என்று அவர் அம்மாவுக்குக் கடிதாசி போட்டிருந்தார். மாமா "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அப்பா எங்களோடு இருந்துவிடுவார். நான் அன்றைக்கு வேண்டாத சாமி இல்லை. வேண்டியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அந்தப் பலகாரத்தை மாமாவுக்குச் செய்து காட்டுவதற்காகத்தான் அப்பா ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து இறங்கினார். மற்ற வருஷங்களில் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நாலைந்து பழம் சுற்றி வைத்துக் கொண்டுவருவார். வீட்டுக்குள்ளேயே தின்று முடித்துவிடுவோம், தெருவுக்குத் தெரியாது. இந்தத் தரம் பஸ்ஸின் கூரையிலிருந்து ஊரார் பார்க்க ஒரு முழு மரப்பெட்டி இறங்கியது. பலகை இடுக்கில் சிவப்புச் சிவப்பாக ஆப்பிள் எட்டிப் பார்த்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரியாது. எங்கள் பக்கத்தில் அப்போது, எங்கள் வீட்டைத் தவிர, நல்லா இருக்கிற மனுஷர் யாரும் ஆப்பிள் தின்றதில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால், பார்க்கப் போகிறவர்கள் காகிதப் பையில் இரண்டு ஆப்பிள் வாங்கிப் போய்த் தலைமாட்டில் வைப்பார்கள். ரொட்டியும் அப்படித்தான்; காய்ச்சல் வந்தவனுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கிற பொருள் அது. ஒரு வீட்டுக்குள் இரண்டு ஆப்பிள் போனால் அந்த வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று கணக்கு. எங்கள் வீட்டுக்குள் ஒரு பெட்டி போயிருக்கிறது!

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் எதிர்வீட்டு நாகம்மா. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பேச்சு. நாகம்மா வீட்டில் தெலுங்கு. வாசலில் நின்றபடியே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "எவரிக்கி பாகலேது, லட்சுமி?" என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அம்மா தெலுங்கிலேயே சொன்னாள். நாகம்மா நம்பவில்லை. அவள் போன சூட்டோடு பால் ஊற்றுகிற கௌரம்மா வந்து, "யாரிகம்மா உஷாரில்லா?" என்று கன்னடத்தில் அதையே கேட்டாள். அதற்குப் பின்னால் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியம்மா, "ஏன்டி, யாருக்கு ஒடம்பு சரியில்ல? எங்கிட்ட கூடவா மறைப்ப?" என்று தமிழில் வந்து சேர்ந்தாள். மூன்று பாஷையிலும் ஒரே கேள்வி. அம்மா மூன்று பாஷையிலும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

கடைசியில் எல்லார் கண்ணும் அப்பா மேல் போய் நின்றது. மலைக்குளிரிலும் ரயில் பயணத்திலும் ஆள் சற்று இளைத்துத்தான் இருந்தார். பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பட்டாளத்துல முடியாம போய் அனுப்பிச்சிட்டாங்களாப்பா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்க பாருங்க அண்ணி" என்று ஆட்டுக்கல்லில் இருந்த குழவியை ஒற்றைக் கையால் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக் காட்டினார். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், வலிய வெளிய காட்டாம நிக்கறாரு" என்று நாகம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு! தம்பி கூட எங்களைப் பார்த்துச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு அம்மா மட்டும், "ஏங்க, நாளைக்கு இத எங்கண்ணன் வாயில வெப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வாயில வெச்சாருன்னா விடமாட்டாரு, நீ பாரு" என்றார் அப்பா.

பெட்டியிலிருந்த பழத்தை அப்பா மூன்றாகப் பிரித்தார். முழுசாக இருந்தவை ஒரு முறத்தில், ஒரு பக்கம் அடிபட்டுப் பழுப்பாகிப் போனவை இன்னொரு முறத்தில், அழுகினவை மாட்டுக்கு. நான் முழுசான பழத்தைத்தான் சமையலுக்கு எடுப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடிபட்ட முறத்தை இழுத்துக்கொண்டார். "முழுசா இருக்கறத வெச்சு அழகு பாத்துக்க கண்ணு. அடிபட்டதுதான் சீக்கிரம் குழையும், இனிப்பும் இதுலதான்" என்றார். இந்தப் பலகாரமே அடிபட்ட பழத்துக்கென்று ஏற்பட்டதாம். மெஸ்ஸுக்கு லாரியில் வருகிற ஆப்பிளில் மேசையில் வைக்க லாயக்கில்லாததை எல்லாம் இப்படித்தான் ஆக்குவார்களாம்.

வெண்ணெய்தான் அவருக்குப் பெரிய கவலை. மலையில் வெண்ணெய் கல் மாதிரி இருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும், இங்கே கையில் எடுத்தால் வழிந்துவிடுகிறதே என்று யோசித்தார். யோசித்து, கௌரம்மாவிடம் வாங்கின வெண்ணெயைப் பித்தளைத் தூக்கில் போட்டு மூடி, கயிறு கட்டி, கிணற்றில் தண்ணீர் தொடுகிற அளவுக்கு இறக்கித் துலாமரத்தில் கட்டிவிட்டார். காலையில் இழுத்துப் பார்த்தால் வெண்ணெய் இறுகி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருந்தது. கிணற்றடிக்கு வந்த பெண்கள், "வெண்ணெய்க்குக் குளிச்சி விடறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும், "ஆமாம், தலைக்கு ஊத்தியாச்சு, சாம்பிராணிதான் பாக்கி" என்றார். ஆண்பிள்ளை ஒருவன் சமைப்பதைப் பார்க்க எங்கள் வீட்டு மண்சுவருக்கு மேல் தலைகள் வரிசையாக நின்றன.

மில்லில் அரைத்த கோதுமை மாவைத் தாம்பாளத்தில் கொட்டி, வெண்ணெயைத் துண்டு துண்டாக அதில் போட்டார். கையைத் தண்ணீரில் நனைத்து, துண்டில் ஒற்றி ஈரம் போக்கிக்கொண்டு, விரல்நுனியால் மட்டும் மாவையும் வெண்ணெயையும் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தார். உள்ளங்கை படக்கூடாதாம், உள்ளங்கைச் சூடு ஆகாதாம். மாவு உதிரி உதிரியாக, மணல் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேழ்வரகுக் களியைத் துடுப்பால் அழுத்திக் கிளறிக் கிளறி உருண்டை பிடித்தே பழகின கை அது. மாவென்றால் ஒன்றாகச் சேரவேண்டும், சேராத மாவைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

"என்னாங்க இது, ஒட்டவே மாட்டேங்குது. துளி தண்ணி தெளிக்கட்டா?"

"ஐயையோ, தெளிச்சுடாத! தெளிச்சா போச்சு!"

"அப்பறம் எப்பிடிங்க சேரும்?"

"சேரக்கூடாது லட்சுமி. சேராம இருக்கறதுதான் இதுக்கு அழகு."

அம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "புட்டுன்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்குக் காஷ்மீர் வரைக்கும் போவணுமா?" என்றாள். மெஸ்ஸில் அதற்கு "கிரம்பிள்" என்று பெயர். அம்மா கடைசிவரைக்கும் "ஆப்பிள் உதிரி" என்றுதான் சொன்னாள். எனக்கும் அந்தப் பேர்தான் வாயில் நிற்கிறது.

பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு, பாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஒரு துண்டுப் பட்டையை இடித்துத் தூவி, பித்தளைத் தட்டில் பரப்பினார். அதன் மேலே அந்த உதிரி மாவை, விதை தூவுகிற மாதிரி, அழுத்தாமல் தூவினார். பெரிய குண்டானில் ஆற்று மணல் போட்டுச் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கி மூடி, மூடிக்கு மேலேயும் நெருப்பு அள்ளிப் போட்டார். கீழேயும் நெருப்பு மேலேயும் நெருப்பு வைத்து எங்கள் தெருவில் அதுவரை யாரும் சமைத்ததில்லை. கொஞ்ச நேரத்தில் வெல்லம் உருகி, பழம் குழைந்து, வெண்ணெய் மாவு சிவக்கிற மணம் கிளம்பியது. சுவருக்கு மேலே இருந்த தலைகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. மூடியை எடுத்தபோது ஓரத்தில் பாகு கொப்பளித்துக்கொண்டிருந்தது. நடுவில் மாவு பொன்னாகச் சிவந்து, உழுது போட்ட செம்மண் நிலம் மாதிரி பொருபொருவென்று இருந்தது. எனக்கு அப்பா ஒரு கரண்டி கொடுத்தார். மேலே மொறுமொறுப்பு, கீழே புளிப்பும் இனிப்புமாக ஒரு குழைவு, சூடு நாக்கைச் சுட்டது. சுட்டாலும் துப்ப மனம் வரவில்லை.

மாமா மத்தியானத்துக்கு மேல் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, குரலில் எப்போதும் ஒரு நாட்டாண்மை. அம்மா பிறந்ததிலிருந்து அவர் பேச்சைத் தட்டினதில்லை. அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பா இல்லாத மாதங்களில் எங்கள் நிலத்துக்கு ஏர் ஓட்டிவிட்டவர், எனக்குத் திருவிழாவில் வளையல் வாங்கிக் கொடுத்தவர். வந்தவர் கட்டிலில் உட்கார்ந்ததும் கிண்டலைத் தொடங்கினார்.

"ஏன் மாப்ள, பட்டாளத்துல துப்பாக்கி சுட்டியா, தோசை சுட்டியா?"

"ரெண்டுந்தான் மச்சான். தோசை சுட்டப்பதான் எல்லாரும் கிட்ட வந்தாங்க" என்றார் அப்பா.

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டை வாங்கினார். முதல் வாய் போட்டதும் ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தினார். நான் கதவோரம் நின்று அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தலையைத் தூக்காமல், தட்டு காலியாகிறவரைக்கும் தின்றார். ஓரத்தில் ஒட்டின பாகை விரலால் வழித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் மனசுக்குள் அப்பாவைக் கல்கட்டு அறையில் உட்கார வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவரைப் பார்த்துக் கை காட்டவே தொடங்கிவிட்டேன்.

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் மாப்ள இருக்குது. பொய் சொல்லக்கூடாது. ஆனா யாரு வாங்குவா? ரொட்டி ஒரு பக்கம், ஆப்பிளு ஒரு பக்கம். கடைக்குப் பக்கத்துலயே ஒரு டாக்டரையும் உக்கார வெச்சுரு, தோதா இருக்கும்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்கறாங்களா இல்லையான்னு இப்பவே பாத்துடலாம் மச்சான்" என்று மீதி உதிரி இருந்த பித்தளைத் தட்டைத் தூக்கிக்கொண்டார். என்னை வாழையிலையும் கரண்டியும் எடுத்துவரச் சொன்னார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

ஐப்பசித் தூறல் விட்டிருந்தது. டீக்கடை ஓரம் லாரிகள் நின்றன. சும்மா கொடுப்பதுதான், ருசி பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான். அப்பா இலைத்துண்டில் ஒரு கரண்டி வைத்துச் சேலத்து டிரைவர் ஒருவரிடம் நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, கையில் வாங்கிக்கொண்டு, "என்னாண்ணா இது?" என்றார். அப்பா பெருமையாக "ஆப்பிள்" என்றார். அந்த மலர்ச்சி அப்படியே வாடினதை நான் பார்த்தேன். "ஆப்பிளா? வேணாங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி எடுக்கற நேரம். வீட்டுல யாருக்கோ முடியலன்னு சேதி வர்றாப்பல இருக்குது" என்று இலையைக் கண்ணில் ஒற்றி, விபூதி வாங்கினவர் மாதிரி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் வாங்கி, நெற்றியைச் சுருக்கி, "யாருக்குங்க நேந்துக்கினு குடுக்கறீங்க?" என்றார். டீக்கடைக்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கு என்ன என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். பெங்களூரில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறாராம், போய்ப் பார்க்கச் சொன்னார்.

ஒரே ஒருவர் சாப்பிட்டார். தலைப்பாகை கட்டின பஞ்சாப் டிரைவர். அப்பா அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் இரண்டு இலை வாங்கி, நின்றபடியே தின்று, அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா மச்சான், ஒருத்தர் சாப்ட்டாரு!" என்றார். அந்தக் குரல், ஏதோ ஒரு சின்னப் பையன் வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

"அந்த ஒருத்தரு தெனமும் பஞ்சாப்புலேந்து வருவாரா, மாப்ள?" என்றார் மாமா. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

தட்டை நான்தான் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பித்தளைத் தட்டு அவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் மாமா நின்று பேசின பேச்சு எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "இன்னும் கொஞ்ச வருஷம் இருந்துட்டு வா மாப்ள. உங்களுக்கு ஒரு பொட்டப்புள்ள இருக்குது. நாளைக்குப் பொண்ணு கேக்க வர்றவன் அப்பன் என்னா பண்றான்னு கேப்பான். பட்டாளத்துல இருக்காருன்னு சொல்றதா, ரோட்டுல பன்னு விக்கறாருன்னு சொல்றதா? நீயே சொல்லு." அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், அப்பா இருந்தால் போதும் என்று கத்தவேண்டும் போல இருந்தது. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டாதவள், "பன்னு விக்கறாருன்னே சொல்லுங்கண்ணா. பொண்ணு வேணும்ன்றவன் கட்டிக்கினு போவான்" என்றாள். மாமா அதிர்ந்துபோய்த் தங்கையைப் பார்த்தார். அப்பாதான், "உடு லட்சுமி. அவரு சொல்றதும் நாயந்தான்" என்று முடித்துவிட்டார்.

அம்மா சொன்னது போதும் என்று அப்பா எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் வாங்கவில்லை என்பதுகூட அவரைத் தளர்த்தியிருக்காது. என் பேரைச் சொன்னதும்தான் அவர் தளர்ந்தார்.

லீவு முடியும்வரை மீதிப் பழத்தில் அவர் மறுபடி மறுபடி அந்த உதிரியைச் செய்துபோட்டார். நானும் அம்மாவும் தின்றோம். நாகம்மா மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று உறுதியான பிறகு ஒருநாள் துணிந்து வந்து சாப்பிட்டாள், மறுநாளும் வந்தாள். பிறகு பெட்டி காலியாகி, பலகையை அடுப்பில் வைத்தோம். தம்பி அப்போதுதான் அப்பா மடியில் அழாமல் உட்காரப் பழகியிருந்தான். அப்பா பஸ் ஏறிப் போய், இன்னும் சில வருஷம் இருக்கிறேன் என்று அங்கே சொல்லிவிட்டார்.

பட்டாளத்துக்காரர் மகள் என்பதில் குறை வைக்காமல் என்னைக் கேட்டு வந்தார்கள். வயசு வந்ததும் கல்லாவி என்கிற ஊரில் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அப்பா வந்தார். பந்தலில் அவர் பந்தி விசாரிப்பதும் நான் மணையில் உட்கார்ந்திருப்பதுமாகப் பொழுது போனது. இரண்டு வார்த்தை பேச வாய்க்கவில்லை. மாமியார் வீட்டில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "மருமவ, மிலிட்டரிக்காரர் பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மாமா கணக்குப் போட்டது சரிதான் என்று ஆகிவிட்டது.

கல்யாணம் முடிந்த மறு வருஷம் அப்பா சர்வீஸை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுக்கு வந்தார். நான்தான் வீட்டில் இல்லை.

கல்லாவிக்கு அவ்வப்போது பார்க்க வருவார். சம்பந்தி வீட்டில் ஆண்பிள்ளை சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பது முறையில்லை. வெளியே கட்டிலில் உட்கார்ந்து, நான் வைக்கிறதைச் சாப்பிட்டு, "நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். என்னென்னவோ செய்து வைத்திருக்கிறேன். அவர் கையால் ஒருபிடி தின்னவேண்டும் என்று இருக்கும். அதை எப்படிக் கேட்பது?

இப்போது நான் ஓசூரில் மகனோடு இருக்கிறேன். அவன் ஷிப்டு முடிந்து எந்த நேரத்திலாவது வருவான். தெருமுனையில் எந்த நேரமும் திறந்திருக்கிற பேக்கரிகள் இருக்கின்றன, லாரிக்காரர்கள் உட்பட எல்லோரும் அங்கே நின்று தின்கிறார்கள். சூளகிரியில் மாமாவின் கல்கட்டு அறை இருந்த இடத்தை ரோடு அகலம் பண்ணும்போது எடுத்துக்கொண்டார்கள். துலாமரம் போய்விட்டது, கிணற்றை மூடிவிட்டார்கள். மாமாவும் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள்.

தம்பி முருகேசன் இங்கேதான் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது பேச்சுவாக்கில், "அப்பா மாங்காயில கூட அந்த உதிரி பண்ணுவாரேக்கா, சீசனுக்கு சீசன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாங்காயிலா? கிளிமூக்கா, நீலமா? வெல்லமா, சர்க்கரையா? மேல்மாவு அதே மாதிரி மொறுமொறுவென்று இருக்குமா? புளிப்பு தூக்கலாக இருக்குமா? நான் கேட்டுக்கொண்டே போனேன். அவன் காபியை ஆற்றியபடி யோசித்தான், நெற்றியைத் தடவினான்.

"யாருக்குக்கா ஞாபகம் இருக்குது? வீட்டுலதான இருந்தாரு, பண்ணிக்கினேதான் இருப்பாரு. நான் பாட்டுக்குத் தின்னுட்டு ஆடப் போயிடுவேன்" என்றான்.

ருசி மறந்துபோகிற அளவுக்கு அவனுக்கு அப்பா கிடைத்திருக்கிறார்.